கோப்பியில் ஏறிய வாசம்

நான் என்ன வேலை செய்து ஓய்வு பெற்றேன் என்பது பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெரு இருக்கிற லா சப்பலில் இன்றைக்கும் பலருக்குச் சரியாகத் தெரியாது. "அண்ணை ஒரு கபேயிலை நிண்டவர்" என்பார்கள் சிலர். "இல்லை, கோப்பி மூட்டை ஏத்தி இறக்கிற இடத்திலை" என்பார்கள் வேறு சிலர். என் மனைவியின் தம்பி ஒரு கலியாண வீட்டில், சபை நிறைந்த இடத்தில் வைத்தே, "எங்கடை அத்தானுக்குக் கோப்பி குடிக்கிறதுக்குத்தான் சம்பளம்" என்று சொல்லிச் சிரித்தான். "குடிக்கிறதுக்கு இல்லையடா, துப்புறதுக்கு" என்றேன். அதையும் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் கால்வாய்ப் பக்கமாகப் புதிதாகத் திறந்த ஒரு கபேக்குப் போனேன். வாசல் பலகையில் 'சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து நேரடியாக' என்று பெரிதாக எழுதியிருந்தது. கோப்பி கொண்டுவந்தது எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்றுதான். வீடு புறநகர்ப் பக்கம், கூசேன்வில் என்றாள். சீனி கேட்டேன். "இந்தக் கோப்பிக்குச் சீனி தேவையில்லை மிஸ்யூ, விவசாயியின் உழைப்பை அது மறைத்துவிடும்" என்று பிரெஞ்சில் பாடம் எடுத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "பிள்ளை, அந்த விவசாயியளை எனக்குத் தெரியும். அவையும் சீனி போட்டுத்தான் குடிக்கினம்" என்றேன். சிரித்துக்கொண்டு போய்ச் சீனி எடுத்து வந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது.

பாரிசுக்கு வந்த எல்லோரையும் போல நானும் முதலில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். பிறகு லா சப்பலுக்கு அந்தப் பக்கம், ரயில் பாதைகளுக்கு அப்பால் இருந்த ஒரு கோப்பி வறுக்கும் கொம்பனியில் வேலை கிடைத்தது. அங்கும் கோப்பை கழுவுகிற வேலைதான். கழுவிய கோப்பையில் சவர்க்கார வாசம் இருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாக மணந்து பார்த்து அடுக்குவதைக் கொள்வனவுப் பொறுப்பாளர் மதாம் கொலெத் ஒருநாள் கண்டார். "நீங்கள் நாளைக்குச் சுவை பார்க்கும் மேசைக்கு வாருங்கள்" என்றார். அந்த மேசையில் பழகி, பிழைவிட்டு, ஏச்சு வாங்கி, நானும் ஒரு சுவை பார்ப்பவன் ஆக ஐந்தாறு வருடம் எடுத்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாக்கு மெதுவாகத்தான் படிக்கும்.

வேலை இதுதான். பச்சைக் கொட்டையில் ஒரு பிடியை மெலிதாக வறுத்து, அரைத்து, வரிசையாக வைத்த கோப்பைகளில் போட்டு, கொதிநீர் ஊற்றி விட்டுவிட வேண்டும். மேலே தூள் ஆடையாகக் கட்டும். குனிந்து, மூக்கைக் கோப்பைக்குள் விடுகிற அளவுக்குக் கிட்டப் போய், கரண்டியால் அந்த ஆடையை உடைக்கும்போது எழும்புகிற முதல் ஆவியில் பாதி உண்மை வந்துவிடும். ஆறிய பிறகு ஒரு கரண்டி எடுத்து 'சர்' என்று உறிஞ்ச வேண்டும். வாய் முழுக்கத் தூவினால்தான் சுவை பிடிபடும். ஊரில் இப்படிச் சத்தம் போட்டு உறிஞ்சியிருந்தால் அம்மா பிடரியில் ஒன்று போட்டிருப்பா. பிறகு துப்பிவிட்டு அடுத்த கோப்பை.

சுவை பார்க்கிற நாட்களில் காலையில் உறைப்பு இல்லை, உள்ளி வெங்காயம் இல்லை, வாசனைத் தைலம் இல்லை. பாணும் வெண்ணெயும்தான். மனைவிக்கு அது பெரிய மனக்குறை. "ஊரெல்லாம் என்ரை கறியைக் கேட்டு வருது, இந்த மனுசன் பாணைத் தின்னுறார்" என்று போனில் தன் அக்காவிடம் முறைப்பாடு வைப்பாள். அதை விடக் கூத்து, சுவை பார்க்கும் காலைகளில் நான் லா சப்பல் கடைத்தெருவுக்குள்ளால் போகமாட்டேன். தோசைச் சட்டி, கருவாடு, மிளகாய் வறுக்கிற வாசம் எல்லாம் மூக்கில் ஏறிவிடும் என்று ஒரு தெரு சுற்றிப் போவேன். பலசரக்குக் கடை வைத்திருக்கிற குணம் அண்ணை அதைக் கவனித்துவிட்டு, "என்ன, சீட்டுக்காசு கட்ட ஏலாமல் ஒளிச்சுத் திரியிறீரோ?" என்று ஒருநாள் வழியில் மறித்துக் கேட்டார்.

மதாம் கொலெத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன உருவம், எப்போதும் நரை முடியை உச்சியில் கட்டியிருப்பார். முதலாளிக்கும் 'நீங்கள்', கோப்பை கழுவுகிறவனுக்கும் 'நீங்கள்'. மேசையைச் சுற்றிவரும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முகத்தைச் சுளிக்கவும் கூடாது. எல்லோரும் முடித்த பிறகு, ஆக இளையவரிலிருந்து தொடங்கிக் கருத்துக் கேட்பார். தான் கடைசியாகத்தான் சொல்வார். இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. சரக்கில் குறை கண்டால் உடனே எழுதி அனுப்ப விடமாட்டார். முதலில் போன் எடுக்க வேண்டும். எடுத்தாலும் குறையைச் சொல்லக் கூடாது. "முதலில் அவர்கள் பேசட்டும். குற்றம் சொன்ன பிறகு யாரும் உண்மையாகப் பேச மாட்டார்கள், பயந்துதான் பேசுவார்கள்" என்பார். எனக்கு முன்கோபம் அதிகம். அந்தப் பாடம் எனக்குக் கடைசி வரைக்கும் கஷ்டமாகவே இருந்தது.

எங்கள் கொம்பனி இடைத்தரகர்களை விட்டு, சிறு விவசாயிகளின் சங்கங்களிடம் நேரே வாங்கத் தொடங்கியது அவருடைய பிடிவாதத்தால்தான். விலையை அறுவடைக்கு முன்பே பேசி, ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்து, சந்தை விழுந்தாலும் பேசிய விலையைக் குறைக்காமல் வாங்குவது. கேட்க நன்றாக இருக்கும். அதில் ஒரு முள்ளும் உண்டு. முதலில் விமானத்தில் வந்த மாதிரியும் பிறகு கப்பலில் வந்த சரக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஒப்பந்தம் முறிந்தது. அந்தச் சங்கத்தை அடுத்த வருடம் யாரும் தொடமாட்டார்கள்.

ஊரில் போர் முடிந்து சில வருடங்களின் பின் மதாம் என்னைக் கேட்டார், "உங்கள் நாட்டில் கோப்பி இல்லையா?" "தேயிலைதான்" என்றேன் சட்டென்று. யாழ்ப்பாணத்தானான எனக்கு மலைநாடு என்றால் ரயிலில் போய்வந்தவர்கள் சொன்ன கதைதான். அவர் விடவில்லை. விசாரித்தால், மலையகத்தில் வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிக்கும் பலா மரத்துக்கும் நடுவில் கோப்பி வளர்க்கிற பெண்கள் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. என்னையே போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

போனேன். சங்கத் தலைவி பார்வதி. என்னை விடக் கொஞ்சம் இளையவர், குரல் மட்டும் பள்ளிக்கூட மணி போல இருக்கும். "ஐயா, ஐயா" என்றார். "ஐயா வேண்டாம், அண்ணை எண்டு கூப்பிடுங்கோ" என்றேன். "சரிங்க அண்ணே" என்றார். பழம் பறிப்பதிலிருந்து காயவைப்பது வரை அவர் காட்டிய ஒழுங்கில் நான் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பச்சைப் பழம் கூடையில் கிடந்தாலும் பறித்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அவர்களுடைய கோப்பியை அதுவரை வாங்கிவந்தவர் அந்த ஊர் வியாபாரி ஒருவர். சொன்னதுதான் விலை, நிறுத்ததுதான் நிறை. எங்களோடு ஒப்பந்தம் என்று கேள்விப்பட்டதும், "பிரான்சுக்கே குடுங்க. அவன் வேணாம்னு சொன்னா என் வாசலுக்கு வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டாராம். பார்வதி அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூட இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. அந்த வருடக் கோப்பி முழுவதையும் அவர்கள் எங்களுக்கே வைத்திருந்தார்கள்.

மாதிரி பாரிசுக்கு வந்தது. மேசையில் எல்லோருக்கும் பிடித்தது. தேன் போல ஓர் இனிப்பு, கடைசியில் மெலிதாக, ஆரஞ்சு உரித்த மாதிரி, தோடம்பழத் தோல். அன்று பின்னேரம் நான் கடைத்தெருவுக்குள்ளாலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து போனேன்.

பிறகு சரக்கு வந்தது. கோப்பைகளை வைத்து, நீர் ஊற்றி, குனிந்து முதல் ஆடையை உடைத்தேன். தேனும் இல்லை, தோடம்பழமும் இல்லை. ஏதோ பிசின் மாதிரி, மருந்து மாதிரி ஒரு மணம் கோப்பியை மூடிக்கொண்டு நின்றது. சில கோப்பைகளில் கடுமையாக, சிலவற்றில் லேசாக. முகத்தைச் சுளிக்கக் கூடாது என்ற சட்டத்தை அன்று காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சுற்றி முடிந்தது. ஆக இளையவன் மத்தியு. நல்ல பிள்ளை, கூர்மையான நாக்கு. "மருந்து வாடை. இது பழுது. அதைவிட, இது மாதிரியில் வந்த கோப்பியே இல்லை. நல்லதைக் காட்டிவிட்டு வேறு ஏதோ அனுப்பியிருக்கிறார்கள்" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அவர்களை உனக்குத் தெரியுமா? பார்த்திருக்கிறாயா?" என்று கத்திவிட்டேன்.

"மேசையில் கத்தக் கூடாது" என்றார் மதாம், என்னைப் பார்க்காமலே. "உங்களுக்கு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்."

என்ன சொல்ல? அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். நாக்குக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை. அந்த அறைக்குள் வந்தாலே எனக்கு மூளை பிரெஞ்சுக்கு மாறிவிடும். பழம், பூ, மரம், தோல் என்று பிரெஞ்சுச் சொற்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். "தெரிந்த வாசம், ஆனால் பெயர் வரவில்லை" என்றேன். மத்தியு பரிதாபமாகப் பார்த்தான்.

மதாம் இன்னொரு முறை குனிந்து மணந்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "என்னைச் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவார்கள்" என்றார். "பாதிரியார் சங்கிலியில் கட்டிய ஒன்றை ஆட்டிக்கொண்டு நடப்பார். புகை வரும். அந்த வாசம் இது."

"சாம்பிராணி!" என்றேன். தமிழிலேயே கத்தினேன். யாருக்கும் விளங்கவில்லை. மதாமுக்கு மட்டும் விளங்கியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "முதலில் அவர்கள் பேசட்டும்" என்றார்.

பார்வதி உடனே எடுத்தார். "அண்ணே! எல்லாம் நல்லபடியா வந்து சேந்துச்சா?"

"வந்திட்டுது, வந்திட்டுது. இருங்கோ, காய்ஞ்ச பிறகு லொறியிலை ஏத்துறவரைக்கும் என்னென்ன செய்தனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. எங்களுக்குத் தெரியவேணும்." குரலைச் சாதாரணமாக வைத்திருக்க நான் பட்ட கஷ்டம்!

அவர் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். காய்ந்ததை எப்படிப் புடைத்தார்கள், எப்படிக் கல் பொறுக்கினார்கள், புதுச் சாக்கு எங்கே வாங்கினார்கள். "எல்லாத்தையும் ஸ்டோருல அடுக்கினோம் அண்ணே. மொத மொதல்ல கடல் தாண்டிப் போற சரக்கு இல்லையா? சும்மா அனுப்ப மனசு வருமா? லொறி வர்றதுக்கு மொத நாளு எல்லாரும் தலைக்குக் குளிச்சிட்டு வந்து, சாமி கும்புட்டோம். ஒவ்வொரு மூட்டைக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, சட்டி நெறைய சாம்பிராணி போட்டு, மூலை முடுக்கெல்லாம் காட்டினோம். பொகை வெளிய போயிடக் கூடாதுன்னு கதவ சாத்தி விடிய விடிய வச்சிருந்தோம்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு மதாமைப் பார்த்தேன். "அண்ணே, கேக்குதா?" என்றார். "கேக்குது தங்கச்சி. பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

சொன்னதை மேசைக்கு மொழிபெயர்த்தேன். மத்தியு முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அப்படியென்றால் ஏமாற்றவில்லை. நான் சொன்னது தவறு" என்றான். நல்ல பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் ஏமாற்றவில்லை என்பதற்காகப் பழுது பழுதில்லை என்று ஆகிவிடாது. கோப்பிக் கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசத்தை எல்லாம் குடித்துக்கொள்ளும். சாக்குக்குள் போடுகிற தடித்த பிளாஸ்டிக் பை இருந்திருந்தால் தப்பியிருக்கும். அந்த முதல் வருடம் அவர்களுக்கு அதற்கு வசதி இருக்கவில்லை.

"புகை எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று மதாம் கேட்டார். அடுக்கின் வெளியில் இருந்த மூட்டைகள்தான் அதிகம் குடித்திருக்கும், நடுவில் இருந்தவை தப்பியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. எது வெளி, எது நடு? கப்பலில் ஏறி இறங்கியதில் எல்லாம் கலந்துவிட்டது. ஒரே வழிதான் இருந்தது. களஞ்சியத்துக்குப் போய் ஒவ்வொரு மூட்டையையும் குத்தூசியால் குத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக எடுத்து, தனித்தனியாக வறுத்து, தனித்தனியாகச் சுவைப்பது. அப்படி யாரும் செய்வதில்லை. பைத்தியக்கார வேலை. நானும் மத்தியுவும் செய்தோம். குத்தூசியை இழுத்ததும் உள்ளங்கையில் கொட்டி மணப்போம். சந்தேகம் வந்தால் மேசைக்கு. சாக்குகளில் சந்தனப் பொட்டுகள் அழியாமல் இருந்தன. மத்தியு அவற்றைக் கை படாமல் விலக்கிக் குத்தியதை நான் பார்த்தேன்.

கூடிய பங்கு மூட்டைகள் சுத்தம். மாதிரியில் கண்ட அதே தேன், அதே தோடம்பழத் தோல். மிச்சம் கோயில்.

அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று முதலாளியோடு பேச்சு நடந்தது. ஒப்பந்தப்படி அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்றார் அவர். மதாம் எழும்பி நின்றார். "ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னோம். உடைந்த கொட்டை எவ்வளவு என்று சொன்னோம். கோப்பி வாசம் குடிக்கும் என்று சொன்னோமா? இந்த அறையில் இருக்கிற எங்களுக்கு மட்டும் அதைத் தினமும் சொல்லிக்கொள்கிறோம். சொல்லாதது எங்கள் தவறு. அதற்கு அவர்கள் பணம் கட்டுவது நியாயமான வியாபாரம் என்றால், எங்கள் வாசலில் அப்படி எழுதி மாட்டியிருக்கிற பலகையைக் கழற்றுங்கள்." முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் பேசி வெல்ல முடியாத ஆள் இவர் என்று அவருக்கும் தெரியும். முழுவதுக்கும் பேசிய விலையே போனது.

கோயில் மூட்டைகளை நான் குணம் அண்ணையிடம் கொண்டுபோனேன். ஒரு பிடியை மணந்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இதிலை என்ன பழுது எண்டு சொல்லுறியள்? நல்ல வாசமாயெல்லோ கிடக்கு!" மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்து, சளி தடிமனுக்கு நல்லது என்று சொல்லி விற்றார். புறநகர் எபினேயில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து வாங்கினார்கள். பிறகு வருடா வருடம், "அந்தக் கோயில் கோப்பி வரேல்லையோ?" என்று என்னை அரித்தெடுத்தார்.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. பார்வதியிடம் சொல்ல வேண்டும். மதாமே சொல்வதாக இருந்தார். "இல்லை, இது தமிழில்தான் சொல்லவேண்டிய விஷயம்" என்றேன்.

பணம் முழுவதும் வரும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தேன். அந்த மணிக்குரல் பிறகு வந்தபோது மிகச் சின்னதாக இருந்தது.

"சாமிக்குக் காட்டுனதாலயா அண்ணே கெட்டுப் போச்சு?"

"சாமியாலை இல்லை தங்கச்சி. புகையாலை. சாமிக்கும் கோப்பிக்கும் ஒரு சண்டையும் இல்லை. புகைக்கும் கோப்பிக்கும்தான் ஒத்துவராது."

"நம்ம சங்கத்துப் பொம்பளைங்களுக்கு இத எப்படிச் சொல்லுவேன்? எல்லாரும் ஆசையா செஞ்சாங்களே" என்றார். "அடுத்த வருசத்துக்கு உள்ளுக்குப் போடுற பை நாங்கள் அனுப்புறம்" என்றேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த வருடம் முழுக்க எனக்கு அது முள்ளாகக் கிடந்தது. கோப்பியைக் காப்பாற்றிவிட்டேன், அந்தப் பெண்களின் மனதை உடைத்துவிட்டேனோ என்று மனைவியிடம் புலம்பினேன். "நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் ரெண்டும் போயிருக்கும்" என்றாள் அவள்.

அடுத்த அறுவடைச் சரக்கு வந்தது. கோப்பைகளை வைத்தோம். நான் குனிந்து ஆடையை உடைத்தேன். தேன். தோடம்பழத் தோல். வேறு ஒரு மணமும் இல்லை. மேசையில் எல்லோர் முகமும் சட்டத்தை மீறி மலர்ந்தது. எனக்கு மட்டும் சந்தோசத்தோடு ஒரு வெறுமையும் வந்தது. களஞ்சியத்துக்குப் போய்ச் சாக்குகளைப் பார்த்தேன். ஒரு பொட்டும் இல்லை.

அன்றே போன் எடுத்தேன். "மேசையிலை எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிருக்கு தங்கச்சி. ஒரு குறையும் இல்லை" என்றேன்.

"அப்படியா அண்ணே!" மணி திரும்பவும் அடித்தது. பக்கத்தில் யாருக்கோ சத்தமாகச் சொன்னார். பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "இந்த முறை சாமி கும்பிடேல்லையோ?"

"கும்புடாம இருப்போமா? மூட்டைய எல்லாம் ஏத்தி, லொறிய அனுப்பிட்டு, நாங்க ரோட்டுலயே நின்னோம். அது கீழ் வளைவுல திரும்பி மறையற வரைக்கும் யாரும் தீக்குச்சியக் கூட எடுக்கல. மறைஞ்ச பொறகுதான் நடு ரோட்டுல சூடம் கொளுத்தினோம். அவ்வளவு தூரத்துல இருந்து கும்புட்டாலும் சாமிக்குக் கேக்கும்ல அண்ணே?"

"கேக்கும் தங்கச்சி" என்றேன். "இஞ்சை பாரிசிலையும் கேட்டுது."